லொக் புக் இல்லாத மொறிஸ் மைனர்: பழைய காரை உங்கள் பெயருக்கு எடுப்பது எப்படி?

[காட்சி: திருகோணமலை உப்புவெளி, காலை. தகரக் கொட்டிலுக்குள் நீலத் தார்ப்பாய் மூடிய கார். ஒரு கை தார்ப்பாயை இழுக்கிறது.]

வணக்கம். இது மொறிஸ் மைனர் 1000. இரண்டு கதவு. கடைசியாக எப்போது ஓடியது என்று வீட்டுக்காரருக்கே சரியாகத் தெரியாது. கடற்காற்று பட்டுப் பட்டு மட்கார்ட்டின் கீழ் விளிம்பு தொட்டாலே உதிர்கிறது. அதை வெல்டிங்காரர் பார்த்துக்கொள்வார். இந்த வீடியோ அவரால் செய்ய முடியாத வேலையைப் பற்றியது. இந்தக் காருக்கு லொக் புக், அதாவது வாகனப் பதிவுப் புத்தகம், இல்லை. கார் இப்போதைய வீட்டுக்காரரின் பெயரில் பதியப்பட்டிருக்கவும் இல்லை.

திருகோணமலையில் இப்படி நிற்கும் கார்கள் நிறைய. 1983, 1985, 1990 என்று சனம் திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்த ஊர் இது. போகும்போது பிள்ளைகளையும் நகையையும் எடுத்துக்கொண்டு போனார்கள்; கார் கொட்டிலில் நின்றுவிட்டது. காகிதங்கள் தப்பிய வீடுகளிலும் சில இடங்களில் 2004 சுனாமி அலுமாரியோடு கொண்டுபோனது. ஆகவே காகிதம் இல்லை என்றவுடன் களவுக் கார் என்று நினைக்க வேண்டாம். அதேநேரம், விற்பவர் சொல்லும் கதையை மட்டும் நம்பிக் காசு கொடுக்கவும் வேண்டாம்.

[காட்சி: பிஸ்கட் டின். உள்ளே மடித்த தாள்கள்.]

இந்த வீட்டில் கிடைத்தது இவ்வளவுதான்: பழைய வருமான அனுமதிப்பத்திரம் (வருடாவருடம் எடுக்கும் வாகன லைசன்ஸ்) ஒன்று, ஒரு காப்புறுதித் துண்டு, அப்புறம் கையெழுத்து மட்டும் போட்ட ஒரு மாற்றப் படிவம். திகதி இல்லை, வாங்குபவர் பெயரும் இல்லை. இதைத்தான் ஓப்பன் பேப்பர் என்கிறோம். வாங்கியவர் தன் பெயருக்கு மாற்றாமல் அடுத்தவருக்கு விற்பார், அவர் இன்னொருவருக்கு. கார் நாலு கை மாறியிருக்கும், பதிவேட்டில் முதல் ஆளின் பெயரே இருக்கும். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி, வாகனம் கைமாறினால் 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். நம்மில் பலர் அறிவிப்பதில்லை. நாற்பது வருடத்துக்குப் பிறகு அதன் சுமை கடைசியாக வாங்கியவரின் தலையில் விழுகிறது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? முதலில் காரைப் படியுங்கள்.

[காட்சி: பொனற் திறக்கிறது. மெக்கானிக்கின் கை, தின்னர் நனைத்த துணி.]

செசி நம்பர் என்பது தொழிற்சாலை ஒவ்வொரு காருக்கும் இட்ட அடையாள இலக்கம். மைனரில் அது ஒரு சின்னத் தகட்டில் இருக்கும். பொனற்றைத் திறந்தால், எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தடுப்புத் தகரத்தில் அதைப் பார்க்கலாம். சுரண்டாதீர்கள். தின்னரில் நனைத்த துணியால் மெதுவாகத் துடையுங்கள். எழுத்து தெரிந்ததும் மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுங்கள். பெயர் மாற்றத்துக்கும் இப்படி எடுத்த செசி நம்பர் அச்சைத்தான் கேட்பார்கள்.

இந்தத் தகட்டில் தொடக்கத்தில் தெரிவது எம்.ஏ.2எஸ்5. எம் என்றால் மொறிஸ். ஏ என்பது எஞ்சின் வகை. 2எஸ் என்றால் இரண்டு கதவு சலூன். 5 என்பது ஐந்தாவது வரிசை. இப்போது காரைப் பாருங்கள்: இரண்டு கதவுதான், முன் கண்ணாடியும் நடுவில் பிரியாத ஒற்றைக் கண்ணாடிதான். 1956இல் மைனர் 1000 வந்தபோது அந்தக் கண்ணாடியும் வந்தது. தகடு சொல்வதும் உடம்பு சொல்வதும் ஒத்துப்போகின்றன. நாலு கதவுக் காரில் 2எஸ் என்று தகடு இருந்தால், அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

மெக்கானிக் ஒரு விஷயம் காட்டினார்.

"தம்பி, இந்தப் பிளேட் ஒருக்காலும் கழற்றுப்படேல்லை."

"என்னெண்டு தெரியும் அண்ணை?"

"ரிவெட்டைப் பாருங்கோ. பழைய பெயின்ற் அதுக்கு மேலாலையும் ஓடியிருக்கு. கழற்றிப் பூட்டியிருந்தால் வெடிச்சிருக்கும்."

[காட்சி: ரிவெட்டின் அருகாமைப் படம். பச்சைப் பெயின்ற் ரிவெட்டையும் தகட்டையும் சேர்த்து மூடியிருக்கிறது.]

இதை ஃபோனில் நன்றாக வெளிச்சம் பட எடுத்து வையுங்கள்.

அடுத்தது நம்பர் பிளேட். 1950களின் நடுப்பகுதி வரை பதிவான வாகனங்களில் சிலோன் என்ற ஆங்கிலப் பெயரில் உள்ள எழுத்துகள் இருந்தன: சீ.வை., ஈ.எல்., ஈ.என். என்று. 1950களின் பிற்பகுதியில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. வடக்குக் கிழக்கில் அதை எதிர்த்து, தமிழ் ஸ்ரீ எழுதிக்கொண்டு வாகனம் ஓட்டினார்கள். அந்தப் பிளேட்டைப் பார்க்கும்போது நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வேறு நினைவுகளும் வரும். வேலைக்குத் தேவையானது இதுதான்: ஸ்ரீக்கு முன்னால் உள்ள இலக்கம், பின்னால் உள்ள இலக்கம், இரண்டையும் பிசகாமல் எழுதிக்கொள்ளுங்கள். பிளேட்டை யாரும் எழுதி மாட்டலாம். செசி நம்பரோடு பொருந்தினால்தான் அதற்கு மதிப்பு.

இங்கிலாந்தில் கெய்டன் என்ற இடத்தில் உள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகத்தில் மொறிஸ் தொழிற்சாலைப் பதிவுகள் இருக்கின்றன. செசி நம்பரைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், எப்போது செய்தார்கள், எந்த நிறம், முதல் எஞ்சின் நம்பர் என்ன, எங்கே அனுப்பினார்கள் என்று சான்றிதழ் தருவார்கள். ஆனால் கவனம்: கார் எது என்பதற்கு அது சாட்சி. கார் யாருடையது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

[காட்சி: திருகோணமலை ரயில் நிலையம், இரவு. தோளில் கோப்புப் பை.]

வருமான அனுமதிப்பத்திரம் மாகாண விஷயம், இங்கேயே முடியும். உரிமைப் பதிவு கொழும்பு விஷயம். நாரஹேன்பிட்டியில் உள்ள மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் நேரம் பதிந்துகொண்டு போய், அந்த வாகன இலக்கத்துக்குப் பதிவேட்டில் உள்ள விவரங்களைக் கேளுங்கள். பெயர், முகவரி, செசி நம்பர், எஞ்சின் நம்பர். கூடவே ஒன்று: முழு உரிமையாளர் என்ற இடத்தில் யாராவது நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். எப்போதோ கடன் கட்டி முடித்திருப்பார்கள், பெயரை மட்டும் நீக்காமல் விட்டிருப்பார்கள். அந்த நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதம் இல்லாமல் வேலை நகராது.

பதிவான உரிமையாளர் உயிரோடு இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. லொக் புக் தொலைந்ததாக அவர் பொலிஸில் முறைப்பாடு செய்து, சத்தியக் கடதாசி முடித்து, தன் பெயரில் பிரதி எடுப்பார். பிறகு அவரும் வாங்குபவரும் எம்.ரீ.ஏ. 6, 8 என்ற பெயர் மாற்றப் படிவங்களில் கையெழுத்து வைத்தால் பெயர் மாறும். அவர் கனடாவிலோ லண்டனிலோ இருந்தால், அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்திய அற்றோணித் தத்துவம், அதாவது தனக்காக இன்னொருவர் கையெழுத்து வைக்கலாம் என்ற அதிகாரப் பத்திரம், அனுப்பச் சொல்லுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பும் கையெழுத்துப் படம் எங்கும் செல்லாது.

அவர் இறந்துவிட்டால் கார் அவருடைய சொத்தின் ஒரு பகுதி. மனைவியோ மூத்த மகனோ தனியாக விற்க முடியாது. மரணச் சான்றிதழ், உயில் இருந்தால் உயில், வாரிசுகள் எல்லோருடைய சம்மதம் என்று எல்லாம் தேவைப்படும். இறந்தவரின் சொத்தை வாரிசுகளுக்குச் சேர்ப்பிக்க மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்குப் போட வேண்டுமா என்பது சொத்தின் பெறுமதியைப் பொறுத்தது. இந்த இடத்தில் சட்டத்தரணிக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடிக்காதீர்கள்.

நம் ஊரில் இன்னொரு நிலைமையும் உண்டு. உரிமையாளர் யுத்தத்தில் காணாமற் போனவர். உடல் இல்லை, மரணச் சான்றிதழும் இல்லை. எடுக்க வீட்டாருக்கு மனமும் இல்லை. ஆளைக் காணவில்லை என்பதற்கே அரசு ஒரு சான்றிதழ் வழங்கும் முறை 2016 சட்டத் திருத்தத்தோடு வந்தது. அதை வைத்துச் சொத்து விஷயத்தில் என்ன செய்யலாம் என்று சட்டத்தரணியிடம் கேட்கலாம். ஆனால் அந்த வீட்டுக்குப் போகும்போது காரைப் பற்றி முதலில் பேசாதீர்கள். இருந்து, தேத்தண்ணி குடித்து, அந்த மனிதரைப் பற்றிக் கேளுங்கள். அந்த வீட்டாருக்கு அது வெறும் கார் அல்ல, காணாமற் போனவர் விட்டுப்போன பொருள். விற்க மாட்டேன் என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

[காட்சி: மீண்டும் உப்புவெளி. பிஸ்கட் டின் மேசையில்.]

இப்போது கேட்கக் கசப்பான ஒன்று. "புக் ஒன்று எடுத்துத் தாறன், இந்தக் காருக்குப் பூட்டலாம்" என்று யாராவது வருவார்கள். நொறுங்கிப் போன இன்னொரு மைனரின் புத்தகத்தை வாங்கி, அதன் தகட்டை இந்தக் காரில் ரிவெட் அடிப்பது அவர்கள் வழி. எனக்கும் ஒருவர் அப்படிச் சொன்னார், விலையும் சொன்னார். தயவு செய்து செய்யாதீர்கள். அது குற்றம். பரிசோதகர் ரிவெட்டைப் பார்த்தால் கார் பொலிஸுக்குப் போகும். பிடிபடாமல் போனாலும், அந்தக் காரின் உண்மையான நம்பர் அன்றோடு அழிந்துவிடும். பிறகு உண்மையான உரிமையாளரின் பேரப்பிள்ளை தேடி வந்தால் காட்ட எதுவும் இருக்காது.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாக. யப்பான் எஞ்சின் மாற்றிய மைனர்கள் ஏராளம். மாற்றியது தப்பில்லை, பதிவில் ஏற்றாமல் விட்டதுதான் தப்பு. பெயர் மாற்றத்துக்கு முன்பே எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டைத் தேடி வையுங்கள்.

சத்தியக் கடதாசியில் நடந்ததை மட்டும் எழுதுங்கள். யாரிடம் வாங்கினீர்கள், எந்த வருடம், அவர் யாரிடம் வாங்கினார் என்று சங்கிலியாக. தெரியாத கண்ணியைத் தெரியாது என்றே எழுதுங்கள். சமாதான நீதவானிடம் கையெழுத்து வாங்குவதற்கு முன் வாகன இலக்கத்தையும் செசி நம்பரையும் இன்னொருவரை வாசிக்கச் சொல்லி ஒத்துப் பாருங்கள். ஒரு இலக்கம் பிசகினால் மறுபடியும் இரவு ரயில்தான்.

பெயர் மாறியதும் காப்புறுதி, புகைப் பரிசோதனை, வருமான அனுமதிப்பத்திரம். ஓடாமல் நின்ற வருடங்களுக்கு நிலுவை கேட்கலாம். வாகனம் பாவனையில் இல்லை என்று முன்பே யாராவது அறிவித்திருந்தால் அந்தக் கடிதம் பெரிய உதவி. டின்னின் அடியில் நன்றாகத் தேடுங்கள்.

[காட்சி: மேசையில் பென்சிலால் தேய்த்தெடுத்த தாள். எம்.ஏ.2எஸ்5 தெளிவாகத் தெரிகிறது.]

இந்தக் காரின் பதிவேட்டுப் பெயர் கிடைத்துவிட்டது. திருகோணமலை ஓர்ஸ் ஹில் முகவரி. அந்த வீட்டில் இப்போது வேறு ஆட்கள் இருக்கிறார்கள். பழைய குடும்பத்தின் மகள் மட்டக்களப்பில் இருப்பதாகப் பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். வருகிற ஞாயிறு, டின்னையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்காரரோடு நானும் போகிறேன்.