லட்சுமி எங்கள் லயத்துக்கு வந்த கதை

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, வேலை முடித்துக் குளித்துவிட்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இந்தத் தமிழ்ப்பள்ளி மண்டபத்துக்கு வந்திருக்கும் சுங்கை சிப்புட் மக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

குடும்பத்தையும் காதலையும் எழுதிய லட்சுமியின் நாவல்கள் பெண்களைத் தூங்க வைத்தனவா, விழிக்க வைத்தனவா? விழிக்க வைத்தன என்ற அணிக்காக நிற்கிறேன். என் அணித்தலைவர் கேட்டதற்காக மட்டும் நிற்கவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்ல இப்படி ஒரு மேடை எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

முன்னால் பேசிய தம்பி ஒரு கேள்வி கேட்டார். 1948 ஜூன் 16ஆம் தேதி நம் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில்தான் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டித்தான் மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார அரசாங்கம் போட்ட அவசரகாலம் வந்தது. இப்படிப்பட்ட ஊரில் பிறந்தவர்களுக்கு மாமியார் மருமகள் கதை எதற்கு, காதல் கதை எதற்கு என்றார். கா. பெருமாளின் 'துயரப் பாதை'யைப் படியுங்கள், ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதையில் செத்த நம் ஆட்களைப் பற்றி அ. ரெங்கசாமி எழுதிய 'நினைவுச்சின்னம்' படியுங்கள் என்றார். படிக்கத்தான் வேண்டும். என் வீட்டில் இரண்டும் இருக்கின்றன.

ஆனால் தம்பி, அந்த அவசரகாலம் எனக்கு எப்படித் தெரிய வந்தது தெரியுமா? என் அம்மாச்சிக்கு அப்போதுதான் கல்யாணம். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தைச் சுற்றி முள்வேலி. பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. மாப்பிள்ளை வீட்டார் இருட்டுவதற்குள் தங்கள் தோட்டத்துக்குத் திரும்பியாக வேண்டும். அதனால் தாலி கட்டியதும் பாதிப் பேர் சாப்பிடாமலேயே லாரியில் ஏறிப் போய்விட்டார்கள். ஆக்கி வைத்த சோறு அண்டாவோடு நின்றதை அம்மாச்சி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். துப்பாக்கியைப் பற்றி அவர் பேசியதே இல்லை. எத்தனை பேர் செத்தார்கள் என்பது எனக்குப் பிற்பாடு புத்தகத்தில் கிடைத்தது. பயம் எப்படி இருக்கும் என்பது அந்த அண்டாச் சோற்றில்தான் தெரிந்தது. நாட்டில் எது நடந்தாலும் அது கடைசியில் ஒரு வீட்டு வாசல்படி ஏறி உள்ளே வருகிறது, ஐயா. லட்சுமி அந்த வாசல்படியில் உட்கார்ந்து எழுதியவர்.

அவர் யார் என்று இளைய பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இயற்பெயர் திரிபுரசுந்தரி. 1921இல் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். படிக்கும்போது இரண்டாம் உலகப் போர். வீட்டிலிருந்து ஃபீஸ் கட்ட முடியாத நிலை. நேரே போய் ஆனந்த விகடன் வாசனைப் பார்த்து, கதை எழுதித் தருகிறேன், அந்தப் பணத்தில் படித்துக்கொள்கிறேன் என்று கேட்டார். அவரும் சரி என்றார். இருபது வயதை ஒட்டிய பெண், பிணவறையில் உடற்கூறு படித்துவிட்டு வந்து, இரவில் விளக்கு வைத்துக்கொண்டு குடும்பக் கதை எழுதுகிறாள், மறுநாள் அவளே அந்தக் காசில் வகுப்புக்குப் போகிறாள். 1955இல் கண்ணபிரான் என்பவரை மணந்து தென்னாப்பிரிக்காவுக்குப் போய் 22 வருடம் இருந்தார். கணவர் மறைந்த பிறகு 1977இல் தமிழ்நாடு திரும்பினார். நூற்றுக்கும் மேல் நாவல்கள் எழுதினார். 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்கு 1984இல் சாகித்திய அகாதெமி விருது. 1987இல் மறைந்தார். தன் வாழ்க்கையைக் 'கதாசிரியையின் கதை' என்று எழுதி வைத்திருக்கிறார். தூங்க வைக்கிற எழுத்து என்கிறீர்களே, எழுதியவரே தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எழுதிய எழுத்து அது.

எங்கள் லயத்துக்கு அவர் எப்படி வந்தார் என்று சொல்கிறேன். தோட்டத்து ஆபீஸ் கணக்கர் பெரிய கிராணி வீட்டில் பழைய வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைக் கிழித்து, ஊசி நூல் போட்டுத் தைத்து வைத்திருப்பார்கள். அந்த வீட்டில் துணி துவைக்கப் போகும் அக்கா அதை இரவல் வாங்கி வருவார். எங்கள் அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், தன் நிரை மரங்களைச் சீவி முடித்து, ரப்பர் பால் தூக்கி ஊற்றிவிட்டு, மத்தியானம் பால் பிடிக்கும் மங்கு வாடை போகாத கையோடு திண்ணையில் உட்காருவார். பக்கத்து வீட்டு அத்தை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் இருந்த எதிர் லயத்துக் கிழவி, எல்லாரும் வந்துவிடுவார்கள். படிப்பது நான். எனக்கு அப்போது பத்து வயது.

படிக்கும்போது நிறுத்தச் சொல்வார்கள். "இரு, இரு. அவ மாமனார் சொன்னதுக்கு இவ ஏன் சும்மா நிக்கிறா?" அப்புறம் அரை மணி நேரம் அதே பேச்சு. யார் வீட்டில் யார் சும்மா நின்றார்கள், எதற்காக நின்றார்கள் என்று கதை எங்கள் லயத்துக்குள்ளேயே சுற்றிவிட்டு வரும். புருஷன் கள்ளுக்கடையில் சம்பளத்தைத் தொலைத்த கதையை அதுவரை யாரிடமும் சொல்லாத அந்த அத்தை, ஒரு நாவல் பெண்ணின் கண்ணீரைச் சாக்காக வைத்துத்தான் முதன்முதலாகச் சொன்னார். எனக்கு நேற்று நடந்ததுபோல இருக்கிறது.

காதல் கதை என்று லேசாகச் சொல்லிவிட்டீர்கள். தோட்டத்தில் காதல் லேசா? ஒரே லயத்தில் குடியிருப்போம், ஒரே பைப்பில் தண்ணீர் பிடிப்போம், பிள்ளைகள் விரும்பினால் மட்டும் என்ன சாதி என்று கேட்போம். இங்கே இருக்கிற தாய்மார்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். லட்சுமியின் நாயகிகள் சில சமயம் ரொம்பவும் பொறுத்துப் போகிறார்கள். அவருடைய 'பெண் மனம்' நாவலைத்தான் 1963இல் 'இருவர் உள்ளம்' என்று படம் எடுத்தார்கள். தோட்டத்துத் திடலில் வெள்ளைத்துணி கட்டிக் காட்டியபோது, விருப்பமில்லாத கல்யாணத்தில் அந்தப் பெண் தள்ளப்படுவதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் யார் கொடுத்தது? தூங்குகிறவளுக்குக் கோபம் வராது, ஐயா.

குடும்பத்தை எழுதினால் சமூகம் விட்டுப்போகும் என்ற வாதத்துக்கு நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. கெடா பீடோங்கில் பிறந்த கே.எஸ். மணியம் 1981இல் ஆங்கிலத்தில் எழுதிய 'தி ரிட்டர்ன்' ஒரு பையன் வளரும் கதைதான். பாட்டி, அப்பா, பள்ளிக்கூடம், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பாட்டி பட்டா இல்லாத மண்ணில் வீடு கட்டி வாழ்ந்து இழக்கிறாள். அப்பாவும் தனக்குச் சொந்தமில்லாத நிலத்தில் வீடு எழுப்பி, கடைசியில் அந்த வீட்டோடு எரிந்துபோகிறார். இந்த நாட்டில் நமக்கு நிலம் இல்லை என்பதை இதைவிட எந்தக் கூட்டத்துப் பேச்சு சொல்லியிருக்கிறது?

மணி அடிப்பதற்குள் வீட்டு விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். 1982இல் ஆறாம் ஆண்டு முடித்தேன். அடுத்து டவுன் இடைநிலைப் பள்ளியில், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் மலாய்க்குப் பழகப் போகும் புகுமுக வகுப்பு. மாதம் பஸ் காசு 12 வெள்ளி. தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், பெண் பிள்ளைக்கு இது போதும் என்று பெரியப்பா முடிவு சொல்லிவிட்டார். பெரியப்பா பேச்சுக்கு மறுபேச்சு எங்கள் வீட்டில் கிடையாது. அப்பா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அடுப்படியிலிருந்து அம்மா வெளியே வந்தார். "அந்த லெச்சுமியம்மா கதை எழுதியே டாக்டருக்குப் படிச்சாங்களாம், மாமா. இவளுக்கு பஸ் காசுதான. ஞாயித்துக்கிழம ஒட்டுப்பால் காசு நான் தர்றேன்." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஒட்டுப்பால் என்றால் மங்கிலும் மரத்திலும் காய்ந்து ஒட்டிய ரப்பர். அவ்வளவு நீளமாக அவர் பெரியப்பாவிடம் பேசி யாரும் பார்த்ததில்லை. திங்கட்கிழமை நான் பஸ் ஏறினேன். இப்போது இந்த மாநிலத்துப் பள்ளி ஒன்றில் 25 வருடமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன்.

எங்களிடம் இருந்த தைத்த தொடர்கதை ஒன்றில் கடைசி இரண்டு வாரம் இல்லை. கரையான் தின்றுவிட்டது. அட்டையும் இல்லை, கதையின் பெயரும் தெரியாது. முடிவு என்ன என்று லயமே தவித்தது. ஒரு மத்தியானம் அம்மாவே முடித்தார். புருஷன் வீட்டை விட்டு வந்த அந்தப் பெண், அம்மா சொன்ன முடிவில், ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்தாள். புருஷன் மன்னிப்புக் கேட்டு வந்தானா என்று அத்தை கேட்டார். வந்தான், ஆனால் அவளுக்கு நைட் டியூட்டி, பார்க்க முடியாமல் திரும்பிப் போனான் என்றார் அம்மா. அந்த அம்மா இன்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், ஐயா. நன்றி, வணக்கம்.