மூடிய குப்பியில் 28 நாள்

நேயர்களுக்கு வணக்கம்.

துணி துவைத்த தண்ணீர், தரை துடைத்த தண்ணீர், தலைக்குப் போட்ட ஷாம்பூ எல்லாம் சாக்கடைக்குள் இறங்கியதும் நம் கணக்கில் தீர்ந்துவிடுகிறது. புட்டியின் மேல் 'எளிதில் மக்கக்கூடியது' என்று ஒரு வரி அச்சிட்டிருக்கும். மக்குகிறது என்று யார் பார்த்தார்கள், எப்படிப் பார்த்தார்கள்? இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

இலை தழை மக்குவதைக் கண்ணால் பார்க்கலாம். கறுக்கும், குழையும், மண்ணாகும். தண்ணீரில் கரைந்த ஒரு ரசாயனம் மக்குவதை அப்படிப் பார்க்க முடியாது. கரைந்த அன்றும் தெளிவாக இருக்கும், ஒரு மாதம் கழித்தும் தெளிவாக இருக்கும். அதனால் பொருளை விட்டுவிட்டு, அதைத் தின்கிற பாக்டீரியாவைக் கவனிக்கிறார்கள். தின்கிற பாக்டீரியா மூச்சு விடும். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், கார்பன் டை ஆக்சைடை வெளியே விடும். ஆக்சிஜன் எவ்வளவு குறைந்தது என்று அளக்கலாம், கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு வந்தது என்று அளக்கலாம், கரைந்த கார்பன் எவ்வளவு மிச்சம் என்றும் அளக்கலாம்.

பொருளையே நேராக அளந்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு ஒரு பழைய நுரைக் கதையைச் சொல்ல வேண்டும்.

1950களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆறுகளில் நுரை மலை மலையாகத் தேங்கியது. கழிவுநீர் நிலையங்களின் காற்றூட்டும் தொட்டிகள் நுரையில் முழுகின. சில ஊர்களில் கிணற்றுத் தண்ணீரே நுரைத்தது. அப்போது பரவியிருந்த சலவைத்தூளில் இருந்த பொருளின் கார்பன் சங்கிலி, கிளை கிளையாகப் பிரிந்த சங்கிலி. பாக்டீரியா இந்தச் சங்கிலியை நுனியிலிருந்து இரண்டிரண்டு கார்பனாகக் கடித்துக்கொண்டு வரும். வழியில் கிளை குறுக்கிட்டால் அங்கே பல் இறங்காது. ஜெர்மனி 1961இல் சட்டம் போட்டது, 1964இல் அது நடைமுறைக்கு வந்தது. அமெரிக்க உற்பத்தியாளர்கள் 1965இல் தாங்களாகவே கிளையில்லாத நேர்ச் சங்கிலிக்கு மாறினார்கள். நுரை அடங்கியது.

கதை இங்கே முடிந்துவிட்டதாகத்தான் பலரும் சொல்வார்கள். பாதிக் கதை இனிமேல்தான் இருக்கிறது. 'மக்கிவிட்டதா' என்று பார்க்க அந்தக் காலத்தில் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைப் பயன்படுத்தினார்கள். சலவைப்பொருள் இருந்தால் சாயம் அதோடு சேர்ந்துகொள்ளும். நிறம் குறைந்தால் பொருள் போய்விட்டது என்று கணக்கு. 1973இல் வந்த ஐரோப்பிய விதி, இப்படி 80 விழுக்காடு மறைந்தால் போதும் என்றது. ஆனால் பாக்டீரியா ஒரு நுனியைக் கடித்துப் போட்டாலே சாயம் சேராது! மிச்சம் தண்ணீரிலேயே இருக்கும், அளவுகோலுக்கு மட்டும் தெரியாது. நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட் என்றொரு சலவைப்பொருள் குடும்பம் உண்டு. அதன் வாலைப் பாக்டீரியா தின்றுவிடும். மிஞ்சுகிற நோனைல்ஃபீனால் மூலப்பொருளைவிட மீனுக்குக் கொடிய நஞ்சு, போதாததற்குப் பெண் ஹார்மோன் போலவும் நடிக்கும். வால் போனது, தலை நின்றது. பொருளின் பெயரை மட்டும் தேடினால் 'மறைந்துவிட்டது' என்றுதான் பதில் வரும். 2004இல் ஐரோப்பா விதியை மாற்றி, சலவைப்பொருள் முழுதாகக் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் ஆகிறதா என்று கேட்கத் தொடங்கியது.

மறைவது ஒன்று, மக்குவது வேறொன்று. இதை இன்னும் இரண்டு மூன்று முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சோதனைக்கு வருவோம். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு வெளியிட்ட 301ஆம் எண் வழிகாட்டி 1981இல் வந்தது, 1992இல் திருத்தப்பட்டது. அதில் ஆறு முறைகள் உண்டு. சிலவற்றுக்குக் குழாயும் குடுவையும் தொடர் தொடராக வேண்டும், படம் போடாமல் சொன்னால் உங்களுக்குத் தலை சுற்றும். அவற்றை விட்டுவிட்டு, மூடிய குப்பி முறையைச் சொல்கிறேன். தேவையெல்லாம் கண்ணாடி மூடி இறுக்கமாகப் பொருந்தும் 250 முதல் 300 மில்லி லிட்டர் வரை கொள்ளும் பிஓடி பாட்டில்கள் (தண்ணீரில் பாக்டீரியா எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனை அளக்கப் பயன்படுபவை), ஓர் இருட்டறை, ஆக்சிஜன் அளக்க ஒரு வழி.

முதலில் தண்ணீர். காய்ச்சி வடித்த தண்ணீரில் பாஸ்பேட், கால்சியம், மெக்னீசியம், இரும்பு, கொஞ்சம் அம்மோனியம் குளோரைடு ஆகிய உப்புகளை மிகச் சிறிய அளவில் கலக்க வேண்டும். பாக்டீரியாவுக்கு இவை உப்பு மட்டும், சோறு கிடையாது. சோறாக நாம் வைக்கும் ஒரே பொருள், சோதனைக்கு வந்த ரசாயனம். குறைந்தது 20 நிமிடம் பலமாகக் காற்று ஊத வேண்டும். பிறகு 20 டிகிரியில் ஏறக்குறைய 20 மணி நேரம் சும்மா விட வேண்டும். அவசரப்பட்டு உடனே நிரப்பினால் தண்ணீரில் அளவுக்கு மீறிக் கரைந்த காற்று, மூடிய குப்பிக்குள் குமிழாக வெளியே வரும். அந்தக் குமிழ் திருட்டுத்தனமாக ஆக்சிஜன் ஊட்டிக்கொண்டே இருக்கும். சரியாக நிலைத்த தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவில் ஆக்சிஜன் இருக்கும். நம் கையிருப்பு அவ்வளவுதான்.

அதனால் ரசாயனமும் கொஞ்சமாகத்தான் போட முடியும். லிட்டருக்கு 2 முதல் 10 மில்லிகிராம். கூடப் போட்டால் ஆக்சிஜன் பாதியிலேயே தீர்ந்துவிடும். எந்த நாளிலும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது விதி.

அடுத்து பாக்டீரியா. பெரும்பாலும் வீட்டுக் கழிவுநீர் வரும் சுத்திகரிப்பு நிலையத்தில், சுத்தம் செய்து வெளியே விடும் நீரை எடுப்பார்கள். சொரசொரப்பான வடிதாளில் வடிகட்டி, முதல் 200 மில்லியைக் கொட்டிவிட்டு, அன்றைக்கே பயன்படுத்த வேண்டும். எவ்வளவு சேர்ப்பது? லிட்டருக்கு ஒரு சொட்டு முதல் 5 மில்லி வரை. ஆமாம், ஒரு சொட்டு! முக்கியமாக, அந்த பாக்டீரியாவுக்குச் சோதனைப் பொருளை முன்கூட்டியே ஊட்டிப் பழக்கியிருக்கக் கூடாது. பழக்கப்படாத நாலைந்து பாக்டீரியா தின்றுவிட்டதென்றால், ஆற்றிலும் தின்னும் என்று நம்பலாம். எளிதில் என்ற சொல்லுக்கு அதுதான் பொருள்.

குப்பிகள் வரிசை வரிசையாக. பொருளும் பாக்டீரியாவும் உள்ளவை குறைந்தது 10. பாக்டீரியா மட்டும் உள்ள வெறும் குப்பி 10. தெரிந்த நல்ல தீனியான சோடியம் அசிடேட்டோ சோடியம் பென்சோயேட்டோ போட்டவை 10. சோதனைப் பொருளையும் இந்தத் தீனியையும் சேர்த்துப் போட்ட நஞ்சுச் சோதனைக் குப்பி 6. பெரிய பாத்திரத்தின் அடிப்பக்கத்திலிருந்து ரப்பர் குழாயால் உறிஞ்சி இறக்கி, குப்பியை வழிய வழிய நிரப்பி, பக்கத்தில் மெல்லத் தட்டிக் குமிழை வெளியேற்றி, மூட வேண்டும். முதல் நாள், 7, 14, 21, 28ஆம் நாட்களில் இரண்டிரண்டு குப்பியைத் திறந்து அளக்க வேண்டும். திறந்த குப்பியைத் திரும்ப மூடி வைக்க முடியாது, காற்றுப் பட்டாயிற்று. அதனால்தான் இத்தனை குப்பி.

எல்லோரும் அலட்சியப்படுத்துவது வெறும் குப்பியை. இதில் கொஞ்சம் நின்று பேச அனுமதியுங்கள். ஒரு கணக்கு சொல்கிறேன், மனதிலேயே போட்டுப் பாருங்கள். சோடியம் பென்சோயேட் 1 மில்லிகிராம் முழுதும் எரிய 1.67 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். லிட்டருக்கு 3 மில்லிகிராம் போட்டால் தேவை 5. தொடக்கத்தில் ஆக்சிஜன் 8.9 என்று வைத்துக்கொள்வோம். 14ஆம் நாள் பென்சோயேட் குப்பியில் 4.5. அதாவது 4.4 குறைந்திருக்கிறது. ஐந்தில் 4.4 என்றால் 88 விழுக்காடு! அருமை என்று எழுதிவிடலாம். ஆனால் வெறும் குப்பியிலும் 8.9லிருந்து 8.3க்கு இறங்கியிருக்கிறது. தீனியே இல்லாமல் அங்கே 0.6 போனது எப்படி? பாக்டீரியா ஒன்றையொன்று தின்று மூச்சு விட்டிருக்கும், அல்லது உப்பில் இருந்த அம்மோனியா நைட்ரேட் ஆகியிருக்கும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு நாலரை கிராமுக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும். குப்பியில் போட்ட அந்தத் துளி அம்மோனியம் குளோரைடு மட்டுமே லிட்டருக்கு 0.6 மில்லிகிராம் விழுங்கப் போதும். ஆக, 8.3லிருந்து 4.5ஐக் கழிக்க வேண்டும். 3.8. விழுக்காடு 76. பென்சோயேட்டுக்கு 76ஆனாலும் தேர்ச்சிதான். ஆனால் 55இல் நிற்கும் ஒரு பொருளை இதே 12 விழுக்காட்டுத் தவறு தேர்ச்சி பெற வைத்துவிடும்.

வெறும் குப்பியில் 28 நாளில் ஆக்சிஜன் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் குறைந்தால் சோதனையே செல்லாது. காரணம் பெரும்பாலும் அழுக்குத் தண்ணீர், சரியாகக் கழுவாத குப்பி, அல்லது அளவு மீறிய கழிவுநீர். பாக்டீரியாவை அதிகம் போட்டால் சோதனை வேகமாகும் என்று நினைப்பவர்கள், வெறும் குப்பியைக் கெடுத்துக்கொள்வார்கள். கழிவுநீரை 5 முதல் 7 நாள் காற்றூட்டி வைத்தால், கூட வந்த சோறெல்லாம் தீர்ந்து, வெறும் குப்பியின் ஆக்சிஜன் செலவு அடங்கும். சோதனைப் பொருளிலேயே நைட்ரஜன் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அது தின்னப்பட்டு அம்மோனியா வெளிவந்து நைட்ரேட் ஆகும்போது போகும் ஆக்சிஜனைத் தனியாகக் கணக்கிட வேண்டும். இல்லாவிட்டால் 'மக்கியது' என்று கூடுதலாகக் காட்டும்.

தேர்ச்சி மதிப்பெண் 60 விழுக்காடு. ஏன் நூறில்லை? தின்றதில் ஒரு பகுதி பாக்டீரியாவின் உடம்பாகிறது. அது எரியவில்லை, வளர்ந்திருக்கிறது. கரைந்த கார்பனை அளக்கும் முறையில் மட்டும் 70. அந்த முறையில் ஒரு குழி உண்டு. எண்ணெய்த்தன்மை உள்ள பொருள் கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டாலும், ஆவியாகிப் பறந்தாலும் கரைந்த கார்பன் குறையும். பாக்டீரியா தொட்டுக்கூடப் பார்த்திருக்காது. மறைவது ஒன்று, மக்குவது வேறொன்று, சொன்னேன் அல்லவா.

60ஐத் தொட்டால் மட்டும் போதாது. பத்து நாள் வாசல் என்று ஒன்று இருக்கிறது. 10 விழுக்காட்டைத் தாண்டிய நாளிலிருந்து பத்து நாளுக்குள் 60ஐ எட்ட வேண்டும். தொடங்கத் தாமதிக்கலாம், தொடங்கிய பின் இழுக்கக் கூடாது. 9ஆம் நாள் 10ஐத் தாண்டினால் 19க்குள் 60. பல வகைச் சங்கிலிகள் கலந்த சலவைப்பொருளில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாள் தொடங்கும் என்பதால், ஐரோப்பிய விதி அவற்றுக்கு இந்த வாசலை விலக்கியிருக்கிறது.

நேரம் நெருங்குகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். இரண்டு விஷயம், வேகமாக.

ஒரு பொருள் தோற்றால் முதலில் நஞ்சுச் சோதனைக் குப்பியைப் பாருங்கள். அதில் நல்ல தீனியும் இருக்கிறது. 14 நாளில் மொத்தத்தில் 25 விழுக்காடுகூட மக்கவில்லை என்றால் பொருள் பாக்டீரியாவையே முடக்கியிருக்கிறது என்று கொள்ள வேண்டும், குறைந்த அளவில் திரும்பச் செய்ய வேண்டும். கிருமிநாசினிகள் பல இப்படித்தான் தோற்கும்.

இரண்டாவது, இந்தச் சோதனை தனிப் பொருளுக்கானது. புட்டியில் இருக்கும் கலவையை அப்படியே ஊற்றினால், பாதிக்கு மேல் ஆல்கஹால் இருக்கிற திரவம், அந்த ஆல்கஹாலின் தயவிலேயே 60ஐத் தாண்டிவிடும், மீதிப் பொருள் குப்பியின் அடியில் அப்படியே கிடக்கும். கடல் நீருக்கு வேறு சோதனை உண்டு, 306ஆம் எண், அதில் வெளியிலிருந்து பாக்டீரியாவே சேர்க்க மாட்டார்கள், கடல் நீரில் இருப்பதுதான். அதைச் சொல்ல இன்று இடமில்லை. வணக்கம்.