நான்கு பரப்புக் காணியும் உலகக் கிண்ணமும்

(கிளிநொச்சியில் விளையாட்டுக் கழக இளைஞர்கள், பெற்றோர் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கழகத் தம்பிமாரே, பிள்ளைகளோடு வந்திருக்கிற அம்மாமாரே, ஐயாமாரே, வணக்கம்.

அணிக்கு ஐந்து பேர் ஆடுகிற உதைபந்தாட்டத்தை நாங்கள் இன்னும் பின்னேரப் பொழுதுபோக்காகத்தான் வைத்திருக்கிறோம். மாரி வெள்ளம் மைதானத்தில் நிற்கிறதா, ஆள் காணாதா, சரி, ஐந்து பேராக ஆடுவோம் என்கிறோம். அதே ஆட்டத்துக்கு ஃபுட்சால் என்று பெயர் வைத்து, பீஃபா 1989 இல் இருந்து தேசிய அணிகளுக்கு உலகக் கிண்ணம் நடத்துகிறது. முதல் போட்டி நெதர்லாந்தில். 2024 இல் உஸ்பெகிஸ்தானில் நடந்தது பத்தாவது. பத்தில் ஆறு முறை பிரேசில் வென்றது, இரண்டு முறை ஸ்பெயின், ஒவ்வொரு முறை ஆர்ஜென்டீனாவும் போர்த்துக்கலும்.

இது பிறந்ததே இடமில்லாத குறையில்தான். 1930 இல் உருகுவே தன் நாட்டிலேயே முதலாவது உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்தை வென்றது. ஊரெல்லாம் பிள்ளைகளுக்குப் பந்துப் பித்து. மொன்டிவிடியோவில் ஹுவான் கார்லோஸ் செரியானி என்ற ஆசிரியர், கூரைக்குக் கீழே கூடைப்பந்துத் தரையில் ஆடக்கூடிய மாதிரி விதிகளை எழுதினார்.

கணக்கைப் பாருங்கள். பெரிய மைதானம் 105 மீற்றர் நீளம், 68 மீற்றர் அகலம். வடக்கில் நாங்கள் காணி அளக்கிற கணக்கில் 28 பரப்பு. ஃபுட்சால் தளம் 40 மீற்றருக்கு 20 மீற்றர். சுற்றிவர ஓட இடம் விட்டாலும் நான்கு, ஐந்து பரப்புக்குள் அடங்கிவிடும். கண்ணிவெடி அகற்றும் வரை சொந்தக் காணிக்குள் கால் வைக்க முடியாமல் இருந்த சனம் நாங்கள். ஒரு துண்டு வெறுங்காணியின் பெறுமதியை எங்களுக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை.

ஆனால் சும்மா ஐந்து பேர் ஓடினால் அது ஃபுட்சால் ஆகாது. பந்து சிறியது, நாலாம் அளவு. இரண்டு மீற்றர் உயரத்தில் இருந்து விட்டால் 65 சென்ரிமீற்றருக்கு மேல் எழும்பக்கூடாது. அதனால் பந்து காலோடு நிற்கும். பக்கக் கோட்டைத் தாண்டி வெளியே போன பந்தை உதைத்துத்தான் உள்ளே எடுக்க வேண்டும், அதுவும் நான்கு விநாடிக்குள். பாதிக்கு 20 நிமிடம். ஆட்டம் நின்றால் மணிக்கூடும் நிற்கும், ஆகவே நேரம் கடத்த வழியே இல்லை. ஒரு பாதியில் அணி செய்கிற தவறுகளை எண்ணிக்கொண்டு வருவார்கள். ஆளைத் தள்ளுவது போன்ற, நேரடி உதைக்குரிய தவறுகளில் ஆறாவதில் இருந்து எதிரணிக்கு, ஆட்கள் வரிசையாக நின்று மறிக்கிற தடுப்புச் சுவர் இல்லாத உதை, பத்து மீற்றரில் இருந்து. எங்கள் போட்டிகளில் ஆளைத் தள்ளி விழுத்தித்தான் கனபேர் பந்து எடுக்கிறார்கள். இந்த ஒரு விதியைக் கண்டிப்பாகப் பிடித்தாலே ஆட்டத்தின் தரம் மாறிவிடும் என்று நான் முழுமையாக நம்புகிறேன்.

இப்போது சொலமன் தீவுகளின் கதைக்கு வருகிறேன். பசிபிக் கடலில் சின்னத் தீவுகள். 2008 இல் பிரேசிலில் நடந்த உலகக் கிண்ணத்துக்கு முதல்முறையாகப் போனார்கள். ரஷ்யா அவர்களுக்கு 31 கோல் போட்டது. இவர்கள் போட்டது இரண்டு. தம்பிமாரே, அப்படி ஒரு தோல்விக்குப் பிறகு எங்கள் கழகங்களில் எத்தனை அடுத்த வருடமும் பெயர் பதிந்திருக்கும்? அவர்கள் ஆட்டத்தை விடவில்லை. 2012 இல் தாய்லாந்துக்குத் திரும்பவும் வந்து, குவாத்தமாலாவை 4-3 என்று வென்றார்கள். உலகக் கிண்ணத்தில் அவர்களுடைய முதல் வெற்றி அது. அதற்குப் பிறகு 2016, 2021 போட்டிகளிலும் ஆடினார்கள்.

ஆசியாவிலும் பாருங்கள். 2016 இல் ஈரான் பிரேசிலைத் தண்ட உதையில் வீட்டுக்கு அனுப்பி, மூன்றாம் இடம் எடுத்தது. போரில் உழன்ற ஆப்கானிஸ்தான் 2024 இல் முதல்முறையாக நுழைந்து, குழுச் சுற்றைத் தாண்டி கடைசிப் பதினாறு அணிகளில் ஒன்றானது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு எங்கள் பிள்ளைகளின் முகங்கள்தான் வந்தன. முல்லைத்தீவுக் கரையிலும் மன்னாரிலும் மணலில் பந்து உதைத்து வளர்ந்தவர்களுக்குக் கால் வேகத்தில் என்ன குறை?

குறை பயிற்சியில் இருக்கிறது, நடுவரில் இருக்கிறது. பெரிய உள்ளக அரங்கு வரும் வரை காத்திருக்க வேண்டாம். சமமான ஒரு சீமெந்துத் தளம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 40 மீற்றர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உள்ள அளவில் கோடு கீறலாம். மூன்று மீற்றர் அகலம், இரண்டு மீற்றர் உயரத்தில் கோல் கம்பத்தை எங்கள் ஒட்டுவேலைக்காரத் தம்பிமாரே செய்து தருவார்கள். ஆனால் பந்தில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள், சாதாரணப் பந்து துள்ளித் துள்ளிப் பழக்கத்தையே கெடுத்துவிடும். ஆடி முடித்த அண்ணாமார் விதிகளைப் படித்து நடுவராக வாருங்கள். மேசையில் இருந்து மணிக்கூட்டையும் தவறுக் கணக்கையும் பார்க்க இரண்டு பேர் வேண்டும். கணக்கில் கெட்டிக்காரத் தங்கச்சிமார் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள்.