ஒரு கைதியின் படமும் ஒரு தேர்தலும்

அவையோருக்கு வணக்கம்.

குற்றத்துக்கு மக்கள் அஞ்சுவது அறியாமை என்று சொல்ல நான் வரவில்லை. மகள் வேலை முடிந்து வர நேரமானால் வாசலில் வந்து நிற்கிற தாயிடம் போய்ப் புள்ளிவிவரம் பேசலாமா? அந்த அச்சத்தை எடுத்து யார் என்ன காரியம் சாதிக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

1988 அமெரிக்க அதிபர் தேர்தலைப் பாருங்கள். குடியரசுக் கட்சிக்கு மூத்த புஷ். ஜனநாயகக் கட்சிக்கு மாசசூசெட்ஸ் ஆளுநர் டுகாக்கிஸ். அந்த மாநிலத்தில் கைதிகளுக்கு வார இறுதி விடுப்பு கொடுக்கும் வழக்கம் இருந்தது. கொலைக்காக ஆயுள் தண்டனை பெற்ற வில்லியம் ஹார்ட்டன் 1986இல் அப்படி வெளியே போய்த் திரும்பவே இல்லை. மறு ஆண்டு மேரிலாந்தில் ஒரு வீட்டில் புகுந்து, ஓர் ஆணைக் கத்தியால் வெட்டினார். ஒரு பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்தார். கொடுஞ்செயல், அதில் இரண்டு கருத்து கிடையாது. டுகாக்கிஸுக்கும் இதில் பொறுப்பு உண்டு. கொலைக் கைதிகளுக்கு விடுப்புத் தரக்கூடாது என்று சட்டமன்றம் 1976இல் நிறைவேற்றிய மசோதாவைத் தடுத்தவர் அவர்தான்.

ஆனால் அந்தத் திட்டத்தை 1972இல் கொண்டுவந்தவர் யார்? சார்ஜென்ட் என்ற குடியரசுக் கட்சி ஆளுநர்! பின்னாளில் குடியரசுக் கட்சியின் அதிபரான ரேகன் ஆளுநராக இருந்த கலிபோர்னியாவிலும் கைதிகளுக்கு விடுப்பு இருந்தது. இதை எந்த விளம்பரம் சொன்னது?

புஷ்ஷின் தேர்தல் வேலைகளை நடத்தியவர் லீ அட்வாட்டர். வேலைப் பங்கீட்டைக் கவனியுங்கள். ஹார்ட்டனின் படத்தைத் தொலைக்காட்சியில் காட்டியது வெளியே இருந்த ஓர் ஆதரவுக் குழு. கட்சியின் சொந்த விளம்பரத்தில் அவர் பெயரே இல்லை. சிறை உடையில் ஆட்கள் சுழல் கதவு வழியாக உள்ளே போய் அப்படியே வெளியே வருகிறார்கள், அவ்வளவுதான். கேட்டால், படம் போட்டது நாங்கள் இல்லை என்று கைகழுவலாம். ஹார்ட்டன் கறுப்பர், பாதிக்கப்பட்ட பெண் வெள்ளையர். படத்தைப் பார்த்தவருக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. புஷ் 40 மாநிலங்களை அள்ளினார்.

இதுவரை நடந்தது எனக்குப் பெரிய வியப்பில்லை, எதிரியை எப்படியாவது வீழ்த்துவது அரசியலில் பழைய கதை. தோற்ற கட்சி கற்றுக்கொண்ட பாடம்தான் என்னை உறுத்துகிறது. ‘இந்தப் பயத்தைக் கிளறுவது தவறு’ என்று அவர்கள் சொல்லவில்லை. ‘அடுத்த முறை நாம் முந்திக்கொள்ள வேண்டும்’ என்றுதான் முடிவு கட்டினார்கள். 1992 ஜனவரியில், அதிபர் தேர்தலுக்கு வாக்குக் கேட்டுச் சுற்றிக்கொண்டிருந்த ஜனநாயகக் கட்சியின் ஆர்கன்சா ஆளுநர் கிளின்டன், ஒரு மரண தண்டனை நிறைவேறும் நேரத்தில் இருப்பதற்காக தன் மாநிலத்துக்குத் திரும்பினார். அந்தக் கைதி ரிக்கி ரே ரெக்டர், தன்னையே சுட்டுக்கொண்டதில் மூளை சேதமானவர். கடைசி உணவில் வந்த இனிப்பை, பிறகு சாப்பிடலாம் என்று எடுத்துவைத்தார். அவருக்குக் கருணை காட்டினால் எந்தப் படம் தொலைக்காட்சியில் வரும் என்று ஆளுநருக்குத் தெரியாதா?

பிறகு, அதிபரான கிளின்டன் கையெழுத்திட்ட 1994 குற்றச் சட்டம்: மாநிலங்களுக்குச் சிறை கட்டப் பணம், மூன்றாம் முறை கடுங்குற்றத்தில் சிக்கினால் ஆயுள் தண்டனை. இரு கட்சியும் ஒரே பக்கம் நின்றால் ‘இது வேண்டாம்’ என்று நினைக்கிற வாக்காளர் யாருக்குப் போடுவார்? 2008 வாக்கில் அந்த நாட்டில் சிறைப்பட்டிருந்தவர்கள் ஏறக்குறைய 23 லட்சம் பேர்.

2015இல், நிலைமையை மோசமாக்கிய சட்டத்தில் கையெழுத்திட்டேன் என்று கிளின்டனே ஒப்புக்கொண்டார். அப்போது அவர் எந்தத் தேர்தலிலும் வேட்பாளர் இல்லை.