கேள்வி கேட்கும்போதே வண்டி கிளம்பியாச்சு

வணக்கம். ஆம்புலன்ஸுக்கு வரும் அவசர அழைப்புகளை எடுத்துப் பேசுவது என் வேலை. வண்டி ஓட்டுவதில்லை, ஊசி போடுவதில்லை. காதில் ஹெட்போன், எதிரே இரண்டு திரை, அவ்வளவுதான். இந்த வேலையில் நான் அதிகம் வாங்கும் திட்டு ஒன்றே ஒன்றுதான்: "கேள்வி மேல கேள்வி கேட்டுக்கிட்டே இருக்கீங்களே, முதல்ல வண்டிய அனுப்புங்க!"

திட்டுவதில் தப்பில்லை, அந்த இடத்தில் நான் இருந்தாலும் திட்டத்தான் செய்வேன். ஆனால் பெரும்பாலான மையங்களில் அழைப்பை எடுப்பவர் ஒருவர், வண்டியை அனுப்புபவர் வேறொருவர். இடமும் என்ன ஆயிற்று என்பதும் நான் தட்டத் தட்ட அவர் திரைக்குப் போய்விடும், பக்கத்தில் வண்டி காலியாக இருந்தால் நீங்கள் என்னைத் திட்டி முடிப்பதற்குள் அது கிளம்பியிருக்கும். மிச்சக் கேள்விகள் எல்லாம் அது வந்து சேரும்வரை என்ன செய்வது என்பதற்காக.

முதலில் கேட்பது இடம். லைன் கட்டானாலும் இடம் தெரிந்தால் ஆளை அனுப்பலாம் இல்லையா. போன் இருக்கும் இடம் திரையில் தெரியாதா என்பார்கள். தெரியும், சில நேரம் தெருவரைக்கும், சில நேரம் ஒரு டவரைச் சுற்றிய பெரிய வட்டமாக. எந்த மாடி, எந்தக் கதவு என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். (பழைய போனைக் குழந்தைக்கு விளையாடக் கொடுப்பவர்களுக்கு ஒரு சேதி: பல நாடுகளில் சிம் இல்லாமலே அவசர எண்ணுக்கு அழைப்பு போகும். மழலையில் கதை கேட்ட நாட்கள் உண்டு.)

அடுத்தது நினைவு இருக்கிறதா, மூச்சு சரியாக இருக்கிறதா. இந்த மூச்சு விஷயம்தான் ஆளை ஏமாற்றும். ஓர் இரவு ஒரு பெண் அழைத்தார். கணவர் கீழே விழுந்துவிட்டார், "ஆனா மூச்சு இருக்கு மேடம், குறட்டை விடுறார்" என்றார். சரி அம்மா, அவர் ஒவ்வொரு முறை மூச்சு இழுக்கும்போதும் 'இப்போ' என்று சொல்லுங்கள் என்றேன். "இப்போ." கடிகாரத்தைப் பார்த்தேன். அடுத்த "இப்போ" வரப் பத்து விநாடிக்கு மேல் ஆயிற்று. அது குறட்டை இல்லை. இதயம் நின்ற பிறகும் சில நிமிடங்கள் அப்படி விட்டு விட்டு இழுக்கும், பார்ப்பவர்கள் மூச்சு என்றே நினைத்துக்கொள்வார்கள்.

போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். அவரை மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன் மேல் அடுத்த கை, 5 சென்டிமீட்டராவது இறங்கும்படி அழுத்த வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. "எலும்பு உடைஞ்சிருமே" என்று அழுதார். உடைந்தாலும் பரவாயில்லை, அழுத்துங்கள் என்றேன். மறுபடி அழுதார். நானும் அதே வாக்கியத்தை அதே குரலில் சொன்னேன். இதை எங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லித் தருவார்கள்: கத்துகிறவரிடம் புதிது புதிதாகப் பேசினால் எதுவும் ஏறாது, ஒன்றையே மாற்றாமல் சொன்னால் மூன்றாம் முறையோ நான்காம் முறையோ காதில் விழும். விழுந்தது.

போனிலேயே இப்படிச் சொல்லிக் கொடுப்பது ரொம்பப் பழைய வழக்கம் ஒன்றும் இல்லை. லண்டனில் 999 என்ற அவசர எண் வந்தது 1937ல். அழைப்பை எடுப்பவரே வண்டி வரும்வரை முதலுதவி சொல்லித் தருவது அமெரிக்காவில் பரவத் தொடங்கியது 1970களில்தான். அதுவரை விலாசத்தை வாங்கிக்கொண்டு வைத்துவிடுவார்கள்.

நான் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ண, அவரும் கூடவே எண்ணினார். இரண்டு நிமிடத்திலேயே கை ஓய்ந்துவிடும், மாற்ற ஆள் இல்லை. இடையில் நான் ஒரு தப்பு செய்திருந்தேன். கதவைத் திறந்து வைக்கச் சொல்ல மறந்துவிட்டேன், வெளியே தட்டும் சத்தம் கேட்டபோதுதான் ஞாபகம் வந்தது. அவர் எழுந்து ஓடினார், நெஞ்சில் கை இல்லாத அந்தச் சில விநாடிகள் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அப்புறம் பூட்ஸ் சத்தம், ஏதோ நகரும் சத்தம். போன் தரையில் கிடந்தது, யாருக்கும் அது நினைவில்லை. நான் விட்ட எண்ணிக்கையை ஓர் ஆண் குரல் எடுத்துக்கொண்டது. ஆறேழு எண் வரை கேட்டுவிட்டு நானே லைனை வைத்தேன், அடுத்த அழைப்பு காத்துக்கொண்டிருந்தது.