தியாசபிகல் சொசைட்டிய ஆரம்பிச்சது 2 பேரா, 3 பேரா, 16 பேரா?

மக்கா, எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு கொஞ்சம் வம்பான கேள்விதான். தியாசபிகல் சொசைட்டி இருக்குல்லா, பிரம்மஞான சபைன்னு பெரியாளுங்க சொல்லுவாவளே, எல்லா மதத்துக்கும் அடியில ஒரே ஞானம் இருக்குன்னு தேடுத அமைப்பு, அடையாறுல பெரிய ஆலமரம் நிக்குமே அந்த இடம், அதை ஆரம்பிச்சது யாரு? கேட்டா ரஷ்யாவுல பிறந்த பிளாவட்ஸ்கி அம்மாவும் அமெரிக்கக்காரரு கர்னல் ஆல்காட்டும்னு சொல்லுவாவ. இன்னும் சில பேரு அன்னி பெசன்ட்னே சொல்லிருவாவ, அது தப்பு, அந்த அம்மா சேந்ததே 1889லதான், அப்போ சபைக்கு 14 வயசாச்சு.

[திரையில: நியூயார்க், 1875]

1875 செப்டம்பர் 7. நியூயார்க்ல இர்விங் பிளேஸ்ங்கிற தெருவுல பிளாவட்ஸ்கி அம்மா குடியிருந்த வீடு. ஜார்ஜ் ஃபெல்ட்னு ஒருத்தரு எகிப்துக்காரங்களோட அளவு கணக்கு பத்தி லெக்சர் குடுக்காரு, கூடவே இந்த முறையில பூத கணங்கள கண்ணுக்கு முன்னால வரவழைக்கலாம்னு வேற சொல்லுதாரு. கேட்டுட்டிருந்த ஆல்காட் ஒரு துண்டுச் சீட்டு எடுத்து, இதைப் படிக்கதுக்கு ஒரு சங்கம் வச்சா என்னன்னு எழுதி பக்கத்துல இருந்த ஜட்ஜ் கையில குடுத்து அம்மாட்ட அனுப்புதாரு, அம்மா வாசிச்சிட்டு தலையாட்டுதாவ. இந்த ஜட்ஜ் யாருன்னா வில்லியம் குவான் ஜட்ஜ், அயர்லாந்துல பிறந்தவரு, 24 வயசு, பேருதான் ஜட்ஜ், பாக்கது வக்கீல் சோலி. இவரையும் சேத்துத்தான் 3 பேருன்னு சில பேரு சொல்லுதது.

கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா சொல்லுதது யாரு? ஆல்காட்டேதான். ‘ஓல்டு டைரி லீவ்ஸ்’னு அவரு தொடரா எழுதுனது, 1892ல ஆரம்பிக்கு, அதாவது சம்பவம் நடந்து 17 வருஷம் கழிச்சு. வந்தது அவரோட சபைப் பத்திரிகையிலயே. பிளாவட்ஸ்கி அம்மா 1891லயே போய்ச் சேந்துட்டாவ, இல்லப்பா அப்படி நடக்கலன்னு சொல்ல அவங்களும் இல்ல. நான் ஆல்காட்ட பொய்யன்னு சொல்லல, தயவுசெஞ்சு அப்படி எடுத்துக்கிடாதீங்க. ஆனா ஒரு ஆளு தன்னோட கதையில தானே சீட்டு எழுதுதாரு, கூட இருந்தவரு சீட்டைக் கொண்டு குடுக்க ஆளா மட்டும் வாராருன்னா, நாம ஒரு நிமிஷம் நின்னு யோசிக்கணும்லா.

அப்போ அன்னைக்கே எழுதுன பேப்பர் எதுவும் இல்லையா? இருக்கு. மறுநாள் செப்டம்பர் 8 கூட்டத்தோட மினிட்ஸ். அதுல 16 பேரு பேரு இருக்கு! சார்லஸ் சோதரன், ஹென்றி நியூட்டன், எம்மா ஹார்டிஞ் பிரிட்டன், சி.சி. மாஸ்ஸி, டி லாரா, இப்படிப் போகுது. தலைவர் ஆல்காட், செயலாளர் ஜட்ஜ்னு கீழ கையெழுத்து. சீட்டு கொண்டு குடுத்தவருதான் மறுநாள் செயலாளர், பாத்துக்கிடுங்க.

இதுல இன்னொரு குழப்பம், தேதி. சபை ஆண்டு விழா கொண்டாடுதது நவம்பர் 17, அன்னைக்குத்தான் மாட் மெமோரியல் ஹால்ல ஆல்காட் தலைவரா முதல் உரை ஆத்துனாரு. செப்டம்பர் 8ஐப் பிடிச்சா 16 பேரும் நிறுவனருங்க. நவம்பரப் பிடிச்சா பொறுப்பாளர் லிஸ்ட்தான் முன்னால வரும், அதுல சேத் பான்கோஸ்ட்னு ஒரு டாக்டர் துணைத் தலைவர், அவரு அந்த 16ல கிடையாது. எந்த நாள நீங்க பிறந்த நாளா வைக்கீயளோ அதைப் பொறுத்து அப்பா அம்மாவே மாறிப் போவாவ போல.

சரி, மத்தவங்க எங்க போனாவ? பாதிப்பேருக்கு மேல சீக்கிரமே கழண்டுட்டாவ. இவங்கள்ல பல பேரு ஆவியுலக நம்பிக்கைக்காரங்க, வேற எதையோ எதிர்பாத்து வந்தவங்க. ஃபெல்ட் காட்டுதேன்னு சொன்ன பூதத்த கடைசிவரைக்கும் காட்டல, இதை ஆல்காட்டே ஒத்துக்கிடுதாரு, அது அவரு நேர்மை. 1879 பிப்ரவரியில ஆல்காட்டும் அம்மாவும் பம்பாய் வந்து இறங்கிட்டாவ, 1882 கடைசியில அடையாறு. கடைசி வரைக்கும் நின்னவங்கதான் நிறுவனர்னு ஆயிப்போச்சு.

[திரையில: 1895, பாஸ்டன்]

இப்போதான் மெயின் மேட்டர். அமெரிக்காவுல சபைய கட்டிக் காப்பாத்துனது ஜட்ஜ். 1894ல அவரு மேல ஒரு குற்றச்சாட்டு, மகாத்மாக்கள்ட்ட (மறைவா இருந்து வழிகாட்டுத குருமாருன்னு சபைக்காரங்க நம்புனவங்க) இருந்து வந்ததுன்னு சொல்லி அவரே லெட்டர் எழுதுதாருன்னு. பெரிய ரகளை. 1895 ஏப்ரல்ல பாஸ்டன் மாநாட்டுல அமெரிக்கக் கிளை தனியாப் பிரிஞ்சு ஜட்ஜத் தலைவராக்கிருச்சு, மறு வருஷமே அவரு இறந்தும் போனாரு. பாகப்பிரிவினை முடிஞ்ச வீட்டுல தாத்தா கதைய ஆளுக்கொரு மாதிரி சொல்லுவாவல்லா, அதேதான் இங்கயும். அடையாறு ஹால்ல பிளாவட்ஸ்கி, ஆல்காட் ரெண்டு பேருக்குத்தான் சிலை. ஜட்ஜ் வழியில வந்த அமைப்புங்ககிட்ட போனா பிளாவட்ஸ்கியும் ஜட்ஜும்தான் பெரிசு, ஆல்காட் ஏதோ நிர்வாகம் பாத்த ஆளு மாதிரி ஓரமா நிப்பாரு. ரெண்டு பக்கமும் அதே மினிட்ஸ்தான், கண்ணுதான் வேற.

ஆளுங்க மட்டும் இல்ல, நோக்கமும் அப்படித்தான். உலக சகோதரத்துவத்துக்காகத்தான் ஆரம்பிச்சோம்னு இன்னைக்கு சொல்லுவாவ. 1875 விதிமுறையில அந்த வார்த்தையே கிடையாது மக்கா, பிரபஞ்சத்த ஆளுத விதிகளப் பத்தின அறிவைச் சேத்து பரப்பணும், அவ்வளவுதான். சகோதரத்துவம் உள்ள வந்தது 1878ல. அப்புறம், இந்தியாவுல இருந்து நேரா உத்தரவு வந்ததாலதான் சங்கம் வச்சோம்னு பிளாவட்ஸ்கி அம்மா ஸ்கிராப்புக்ல ஒரு குறிப்பு இருக்கு, 1875 ஜூலைன்னு போட்டு. இருக்கட்டும், ஆனா சொந்த நோட்டுல எழுதுததுக்கு சாட்சி வேணும்லா.

சரி, இதுல நமக்கு என்ன சோலின்னு கேக்கீயளா? இருக்கு. 1881 அக்டோபர்ல ஆல்காட் கொழும்புல இருந்து தூத்துக்குடி வந்து, சிங்கள பௌத்தருங்க சில பேரோட நம்ம நெல்லையப்பர் கோயில் வளாகத்துல தென்னங்கன்னு நட்டுருக்காரு. இந்து பௌத்த நட்புன்னு சபை வரலாறுல பெருமையா வரும். அதுக்கு முந்தின வருஷம்தான் அவரு இலங்கையில காலிங்கிற ஊருல பஞ்சசீலம், அதாவது பௌத்தருங்களோட அஞ்சு ஒழுக்க உறுதி, எடுத்து பௌத்தரானது.

ஆனா யோசிங்க, கோயில் நுழைவுச் சட்டம் வந்ததே 1939ல. நம்ம ஊருல பிறந்து வளந்த எத்தனையோ சாதிக்காரங்க கோயிலுக்குள்ள கால் வைக்க முடியாத காலத்துல, கடல் தாண்டி வந்தவருக்கு மாலை மரியாதையோட வரவேற்பு. யாரு கூப்பிட்டது, எந்த எடத்துல நட்டாவ, பூசாரிமாரு என்ன சொன்னாவ, வெளிய நின்னவன் என்ன நினைச்சான்? நட்பு மரம்னு எழுதுன பேனா இதைப் பத்தி எதுவும் எழுதல. பெரும்பாலும் நாம படிக்கது ஆல்காட் சொன்ன ஒரு பக்கம்தான், அந்தக் காலத்துல இவங்களுக்கும் மிஷனரிகளுக்கும் ஆகவே ஆகாது, அதனால அந்தப் பக்கத்துப் பேப்பரும் எடுத்துப் பாக்கணும், அதையும் அப்படியே நம்பிறப்படாது.

அதனால டவுன், பாளையங்கோட்டை, தூத்துக்குடி பக்கம் யாரு வீட்டுப் பரண்லயாவது 1881 சமயத்து நோட்டீசு, கோயில் கணக்கு, பழைய லெட்டர்னு எதுவும் கிடந்தா தூக்கிப் போட்டுராதீங்க, எழுதுனது யாரு, எப்போன்னு தெரியுத மாதிரி முழுப் பக்கமா போட்டோ எடுத்து கமெண்ட்ல சொல்லுங்க அண்ணாச்சி.