கன்னத்துக்கு நிறம்: கிரீமா, பவுடரா?

நேயர்களுக்கு வணக்கம்.

ஒப்பனைக்காக என்னிடம் வருகிற ஐம்பது வயது தாண்டிய பெண்களில் நிறையப் பேர், பிரஷைக் கையில் எடுத்ததுமே, "எனக்கு பிளஷ் மட்டும் வேண்டாம்மா, இந்த வயசுல நல்லா இருக்காது" என்று சொல்லிவிடுகிறார்கள். பிளஷ் என்றால் கன்னத்துக்கு நிறம் கொடுக்கிற பூச்சு. ஏன் வேண்டாம் என்று கேட்டால் காரணமும் தயாராக இருக்கும். போட்ட கொஞ்ச நேரத்திலேயே திட்டுத் திட்டாக நிற்கிறது, இல்லாத சுருக்கத்தையும் எடுத்துக் காட்டுகிறது, கன்னத்தில் மாவு பூசிய மாதிரி இருக்கிறது. அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் பழியை வயதின் மேல் போட வேண்டியதில்லை. முப்பது வயதில், எண்ணெய்ப் பசையோடு இருந்த சருமத்துக்கு வாங்கிப் பழகிய அதே பவுடர் பிளஷைத்தான் பலர் இன்றும் வாங்குகிறார்கள். அடியில் இருக்கும் சருமம் இதற்குள் வேறாகிவிட்டது.

வறண்ட, வயதேறிய சருமத்துக்கு கிரீம் பிளஷா, பவுடர் பிளஷா என்று கேட்டால் என் பதில் கிரீம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் கிரீம் என்பது புரிந்துவிட்டால், பவுடர் எந்த இடத்தில் உதவும் என்பதும் கூடவே புரிந்துவிடும். வீட்டில் இருக்கும் பவுடரைத் தூக்கிப் போட வேண்டிய அவசியமும் வராது.

சருமத்தில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். நம் சருமத்தின் மேல் செபம் என்ற எண்ணெய் இயற்கையாகவே சுரக்கிறது. மாதவிடாய் நின்று, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறையும்போது இந்தச் சுரப்பும் குறைகிறது. சருமத்துக்கு இறுக்கம் தருகிற கொலாஜனும் அந்தக் காலத்தில்தான் வேகமாகக் குறைகிறது. மாதவிடாய் நின்ற முதல் 5 ஆண்டுகளுக்குள் சுமார் 30 சதவீதம் வரை போய்விடலாம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். இளம் வயதில் மேல்தோல் ஏறக்குறைய 4 வாரத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். வயது ஏற ஏற அதுவும் மெதுவாகிறது. உதிர வேண்டிய பழைய செல்கள் உதிராமல் அங்கங்கே ஒட்டிக்கொண்டு நிற்கும். நேராகக் கண்ணாடி பார்த்தால் இது தெரியாது. ஜன்னலோரம் நின்று முகத்தைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில், கன்னத்தில் மெல்லிய வெள்ளைச் செதில்கள் தூக்கிக்கொண்டு நிற்பது தெரியும். கூடவே பூனை முடியும் தெரியும். மாதவிடாய் நின்ற பிறகு பலருக்கு இந்தப் பூனை முடி கூடுகிறது.

இந்தப் பரப்பின் மேல்தான் பவுடர் பிளஷ் வந்து விழுகிறது. அதில் இருப்பது டால்க், மைக்கா என்ற மினுங்கும் கனிமத் தூள், சிலவற்றில் கயோலின் என்ற வெள்ளைக் களிமண் அல்லது சிலிக்கா, அப்புறம் நிறமி. இதெல்லாம் உதிராமல் சேர்ந்திருக்கக் கொஞ்சம் எண்ணெயோ சிலிகோனோ சேர்த்து அழுத்திக் கட்டியாக்குகிறார்கள். கயோலினும் சிலிக்காவும் எண்ணெயை உறிஞ்சுகிறவை. எண்ணெய் வழிகிற முகத்துக்கு அது வரப்பிரசாதம். வறண்ட முகத்தில் உறிஞ்ச எண்ணெய் ஏது? மீதியிருக்கும் கொஞ்சத்தையும் இழுத்துக்கொண்டு, பொடி செதிலின் ஓரத்திலும் பூனை முடியின் மேலும் போய் உட்காரும். மாய்ஸ்சரைசர் காயாத இடத்தில் அப்பிக்கொள்ளும், காய்ந்த இடத்தில் ஒட்டாது. நீங்கள் பார்க்கிற திட்டு அப்படி வந்ததுதான். பொருக்கு விட்ட சுவரைச் சுரண்டாமல் மேலேயே சுண்ணாம்பு அடித்தால் எப்படி இருக்குமோ, அப்படி.

கிரீம் பிளஷ் மெழுகும் எண்ணெயும் நிறமியும் சேர்ந்தது. விரல் சூட்டில் இளகி, சருமத்தின் மேல் மெல்லிய படலமாகப் பரவும். தூக்கி நிற்கிற செதிலைப் படிய வைத்துவிடும். அதனால் வெளிச்சம் சிதறாமல் ஒரே சீராகத் திரும்பி வருகிறது. பார்க்கிறவர் கண்ணுக்கு அது பூச்சாகத் தெரியாது, கன்னத்தின் சொந்த நிறம் மாதிரியே தெரியும். அதற்காக கிரீம் பிளஷே வறட்சியைச் சரிசெய்துவிடும் என்று நினைக்காதீர்கள். அந்த வேலை மாய்ஸ்சரைசருடையது.

கடையில் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. டப்பாவில் கிரீம் என்று போட்டிருப்பதெல்லாம் கிரீமாக நடந்துகொள்ளாது. தொடும்போது வழுவழுப்பாக இருக்கும், பூசிய ஒரு நிமிடத்தில் பொடியாக மாறிவிடும். ஆவியாகிப் போகிற சிலிகோன் வகைகளை அதில் சேர்த்திருப்பார்கள். சைக்ளோபென்டாசிலோக்சேன் என்ற நீளமான பெயர் பட்டியலில் முதலிலேயே வந்தால், அதோடு சிலிக்காவோ டால்க்கோ நெருங்கி வந்தால், கிரீம் வேஷம் போட்ட பவுடர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூலப்பொருள் பட்டியலில் அதிகம் இருப்பதுதான் முதலில் வரும், எனவே முதல் நாலைந்து பெயர்களைப் படித்தாலே போதும். பெயர்கள் வாய்க்குள் நுழையவில்லையா? டெஸ்டரைப் புறங்கையில் தேய்த்துவிட்டு ஐந்து நிமிடம் மற்றதைப் பாருங்கள். திரும்பி வந்து தொடும்போது விரல் லேசாக வழுக்கினால் வாங்கலாம். மாவு மாதிரி வறவற என்று இருந்தால் உங்கள் கன்னத்திலும் அப்படித்தான் இருக்கும். தண்ணீராக இருக்கிற டின்ட் வகைகளிலும் கவனம் வேண்டும். வறண்ட இடம் அந்தச் சாயத்தைக் கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும், பக்கத்து இடத்தைவிடக் கருத்துக் காட்டும்.

சரி, போடுகிற விதத்துக்கு வருவோம். பொருளைவிட இதில்தான் விஷயம் அதிகம்.

முகம் கழுவி, ஈரம் முழுதும் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் போடுங்கள். கிளிசரின், செராமைடு மாதிரி ஈரத்தைப் பிடித்துவைப்பவை அதில் இருந்தால் நல்லது. பகல் என்றால் அதன் மேல் சன்ஸ்கிரீன். பிறகு ஒரு பத்து நிமிடம் முகத்தை அதன் பாட்டுக்கு விட்டுவிடுங்கள். இந்தப் பத்து நிமிடத்தைத்தான் எல்லோரும் விழுங்கிவிடுகிறார்கள். ஊறாத மாய்ஸ்சரைசர் மேல் எதைப் பூசினாலும் அழுக்குத் திரள்கிற மாதிரி உருண்டு வரும். பத்து நிமிடம் கழித்தும் பிசுபிசுப்பு இருந்தால் டிஷ்யூவை ஒற்றி எடுங்கள். ஃபவுண்டேஷன் போடுகிறவர்கள் மெல்லிசாகப் போட்டால் போதும். கன்னத்தில் அதன் மேல் பவுடர் மட்டும் போட்டுவிடாதீர்கள். பவுடர் மேல் கிரீம் வைத்தால் இரண்டும் சேர்ந்து களியாகிவிடும். கிரீம் முதலில், பவுடர் பிறகு. இந்த வரிசை மாறவே கூடாது.

இனி கிரீம். டப்பாவிலிருந்து நேராகக் கன்னத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். குண்டூசித் தலையைவிடச் சற்றுப் பெரிதாக எடுத்து, புறங்கையில் வைத்து, நடுவிரல் நுனியால் இளக்குங்கள். விரல் நுனி முழுக்கச் சாயம் ஏறியதும், இன்னொரு முறை புறங்கையில் ஒற்றிக் குறைத்துக்கொண்டு கன்னத்தில் தட்டுங்கள். தேய்க்கக் கூடாது. தேய்த்தால் படிந்த செதில் மறுபடி எழுந்துகொள்ளும், கீழே இருக்கிற ஃபவுண்டேஷனும் நகர்ந்துவிடும். தட்டித் தட்டி, ஓரங்களைச் சாயம் படாத இன்னொரு விரலால் தட்டிக் கலைத்துவிடுங்கள். போதவில்லை என்றால் இன்னொரு தடவை அதே அளவு. கூடிவிட்டால் துடைக்காதீர்கள். ஃபவுண்டேஷன் ஒட்டியிருக்கும் ஸ்பான்ஞ்சால் மேலே ஒற்றினால் அடங்கிவிடும்.

எங்கே தட்டுவது? சிரித்துப் பார், கன்னம் உப்புகிற இடத்தில் போடு என்று காலம் காலமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இருபது வயதுக்கு அது சரிதான். வயதேறிய முகத்தில் சிரிப்பு அடங்கியதும் அந்த உப்பல் கீழே இறங்கி, மூக்கிலிருந்து வாயோரம் போகிற கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். நிறமும் அதோடு இறங்கி முகத்தையே கீழே இழுக்கும். அதனால் சிரிக்காமல், முகத்தைத் தளர்த்தி வைத்துக்கொண்டு கன்ன எலும்பைத் தொட்டுப் பாருங்கள். கருவிழியின் வெளி ஓரத்துக்கு நேர் கீழே, எலும்பின் மேல் ஆரம்பித்து, நெற்றிப்பொட்டுப் பக்கம் மேல்நோக்கிக் கொண்டுபோங்கள். மூக்குக்கும் நிறத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். அங்கே சருமத் துவாரங்கள் பெரிதாக இருக்கும், சாயம் போய் அடைத்துக்கொள்ளும். மூக்கு நுனியின் மட்டத்துக்குக் கீழே எதுவும் வேண்டாம்.

கண்ணாடி அணிகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சட்டத்தின் கீழ் விளிம்பு கன்னத்தில் உரசுகிற இடத்தில் கிரீம் நிற்காது, சிரிக்கும்போதெல்லாம் கண்ணாடிக்குப் போய்விடும். முதலில் கண்ணாடியைப் போட்டு அந்த விளிம்பு எங்கே வருகிறது என்று பார்த்துவிட்டு, அதற்கு ஒரு நூல் கீழேயும், வெளிப்பக்கமாகவும் நிறத்தை வையுங்கள்.

பவுடருக்கு வருகிறேன். உடம்பு குபீரென்று சூடாகி வியர்த்துக் கொட்டுகிற கட்டத்தில் இருக்கிறீர்கள் என்றால் கிரீம் மட்டும் தாங்காது, வழிந்துவிடும். அப்போது கிரீமை வழக்கம்போலத் தட்டிவிட்டு, அதே நிறப் பவுடரை அதன் மேல் ஒரு துளி. அடர்த்தியில்லாத பெரிய மென்மையான பிரஷ்தான் வேண்டும். டப்பாவோடு வருகிற சின்னத் தட்டை பிரஷை ஒதுக்கி வையுங்கள், அது ஒரே இடத்தில் கோடு இழுக்கும். பிரஷைப் பவுடரில் தொட்டு, பிடியை ஒரு தட்டுத் தட்டி உதிர்த்துவிட்டு, எடையே இல்லாமல் போடுங்கள். கடைசியில் தண்ணீரில் நனைத்து இறுக்கப் பிழிந்த ஸ்பான்ஞ்சை ஒற்றினால் பொடித்தன்மை அடங்கிவிடும்.

கை நடுக்கமோ விரல் மூட்டு வலியோ இருப்பவர்களுக்குச் சின்னச் சின்னதாகத் தட்டுவது கஷ்டம். அவர்களுக்குப் பருமனான பிடி உள்ள பிரஷும் மெல்லிய பவுடரும்தான் வசதி என்றால் அதையே போடட்டும். மாய்ஸ்சரைசரைச் சரியாக ஊற விட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். குச்சி வடிவில் வருகிற கிரீம் பிளஷும் அவர்களுக்கு நல்ல வழி.

நிறத்தைப் பற்றிப் பேசினால் பொழுது போய்விடும், சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிர் ரோஜா நிறம் வயதைக் குறைக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். மாநிறத்திலும் கருத்த நிறத்திலும் அது சாம்பல் பூத்துத் தெரியும். வெளிர் நிறங்களில் வெண்மைக்காகச் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடு செய்கிற வேலை அது. மாநிறத்துக்குக் கோரல், செங்கல் நிறம், அடர் ரோஜா எடுங்கள். கருத்த நிறத்துக்குப் பெர்ரி, பிளம், ஆழ்ந்த சிவப்பு. டப்பாவில் பயமுறுத்துகிற நிறம் கன்னத்தில் அழகாக அடங்கும். ஜிகினா மின்னுகிறதை மட்டும் வாங்காதீர்கள். பெரிய மைக்காத் துகள் ஒவ்வொரு சுருக்கத்தின் மேலும் விளக்குப் போட்டுக் காட்டும். கிரீமின் சொந்தப் பளபளப்பே போதும்.

உதட்டையும் மறக்காதீர்கள். உளவியலாளர்கள் அவுரெலி போர்ஷெரானும் ரிச்சர்ட் ரஸ்ஸலும் மற்றவர்களோடு சேர்ந்து 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வயதாக ஆக, கண், புருவம், உதடு இவற்றுக்கும் சுற்றியுள்ள சருமத்துக்கும் இடையிலான நிற வேறுபாடு குறைகிறது, முகத்தைப் பார்த்து வயதைக் கணிக்கிறவர்கள் இதையும் ஓர் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று அதில் கண்டார்கள். அதனால்தான் கன்னத்தில் மட்டும் நிறம் வைத்து உதட்டை வெளிற விட்டால் ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது. கன்னத்துக்கான கிரீமையே உதட்டிலும் தொட்டுக்கொள்ளலாம், ஆனால் உதட்டுக்கும் ஆகும் என்று டப்பாவில் போட்டிருக்க வேண்டும். எல்லா நிறமியும் உதட்டுக்கு அனுமதிக்கப்பட்டதல்ல. மறுபக்கமாக, கிரீம் வகை லிப்ஸ்டிக்கைக் கன்னத்தில் தட்டுவது பழைய தந்திரம், நன்றாகவே வேலை செய்யும். காய்ந்து இறுகிப்போகிற மேட் திரவ லிப்ஸ்டிக் மட்டும் ஆகாது.

முகத்தில் ரெட்டினாய்டு என்ற வைட்டமின் ஏ வகைக் கிரீம் போடுகிறவர்களுக்குத் தோல் உரியலாம், அந்த நாட்களில் பவுடர் பக்கமே போக வேண்டாம். எளிதில் எரிச்சல் வருகிற சருமம் என்றால் வாசனை சேர்க்காததாகப் பார்த்து, முழங்கை மடிப்பில் சில நாட்கள் தொடர்ந்து தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுபோங்கள். கன்னம் ஏற்கெனவே காரணமில்லாமல் சிவந்தே இருக்கிறது, சூடாக உணர்கிறது என்றால் பிளஷ் வாங்குமுன் சரும மருத்துவரைப் பாருங்கள், அது முகத்தைச் சிவக்க வைக்கிற ரோசேசியா என்ற சரும நோயாக இருக்கலாம்.

கிரீம் வாங்குகிறவர்கள் ஒன்றைப் பழகிக்கொள்ள வேண்டும். எண்ணெய் இருப்பதால் பவுடரைவிட அது சீக்கிரம் கெடும். டப்பாவின் பின்னால் மூடி திறந்த ஜாடி மாதிரி ஒரு சின்னப் படமும், அதற்குள் 6எம், 12எம் என்றும் போட்டிருக்கும். திறந்த நாளிலிருந்து அத்தனை மாதம் என்று அர்த்தம். திறக்கிற அன்றே ஒரு சின்னக் காகிதத்தில் தேதியை எழுதி அடியில் ஒட்டிவிடுங்கள். விரலைக் கழுவித் துடைத்துவிட்டுத் தொடுங்கள். காறல் வாசனை வந்தாலோ, மேலே எண்ணெய் பிரிந்து முத்து முத்தாக நின்றாலோ, மாதக் கணக்கு பார்க்காமல் குப்பையில் போட்டுவிடலாம்.

நன்றி. வணக்கம்.